பலகை பழசு, சரக்கு வேறு!



"எங்கள் குடும்பம் பாட்டனார் காலத்திலிருந்து இந்தக் கட்சிதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பெரியவர்களை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைத்தெருவுக்குப் பத்துப் பேர் பார்க்கலாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகனும் அதையே சொல்கிறான். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உன் பாட்டனார் ஓட்டுப் போட்ட கட்சியும் இன்று நீ ஓட்டுப் போடும் கட்சியும் ஒன்றுதானா? கொடி அதேதான். சின்னம் அதேதான். பெயரும் அதேதான். சரக்கு?

மணிலா மூட்டை வாங்குகிற வியாபாரி சாக்கின் மேல் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்து விலை பேசுவதில்லை. மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, பருப்பைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். பத்து ரூபாய் நஷ்டம் வரக்கூடாது என்று இத்தனை கவனம்! ஐந்து வருட நஷ்டத்துக்கு மட்டும் சாக்கின் பெயரே போதும் என்கிறோமே, இது என்ன வியாபாரம்?

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம், அமெரிக்காவுக்கு.

லிங்கன் கட்சிக்கு வந்த கதி

1854ல் அமெரிக்காவில் குடியரசுக் கட்சி பிறந்தது. அடிமை முறை புதிய மாநிலங்களுக்குப் பரவக்கூடாது என்பதுதான் அதன் பிறப்புக் காரணம். அந்தக் கட்சியின் ஆபிரகாம் லிங்கன் 1860ல் வென்றார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1865ல் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அடிமை முறை ஒழிந்தது. 1870ல் நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்று இன்னொரு திருத்தம் வந்தது. கருப்பின மக்கள் குடியரசுக் கட்சிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். எதிரே நின்ற ஜனநாயகக் கட்சியோ, தென் மாநிலங்களில் வெள்ளை ஆதிக்கத்தின் கோட்டையாக இருந்தது.

இன்றைக்குப் பாருங்கள். கருப்பின மக்களில் மிகப் பெரும்பான்மையினர் ஓட்டுப் போடுவது ஜனநாயகக் கட்சிக்கு. தென் மாநில வெள்ளையரின் கோட்டையாக இருப்பது லிங்கனின் கட்சி! பெயர்ப் பலகைகள் இரண்டும் தொங்கிய இடத்திலேயே தொங்குகின்றன. உள்ளே இருந்த சரக்குதான் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

எப்படி நடந்தது? ஒரே நாளில் அல்ல. 1877ல் ஒரு பேரம். குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவில் தகராறு வந்தபோது, குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் பதவிக்கு வந்தார். தெற்கில் கருப்பினத்தவருக்குக் காவலாக நின்ற ராணுவம் விலகிக்கொண்டது. நாற்காலிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது யார் என்று புரிகிறதா? அதன் பிறகு தெற்கில் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று சொல்லி அவர்களின் ஓட்டைப் பறித்தார்கள். ஓட்டு மிஞ்சியிருந்தவர்கள் இதற்கெல்லாம் பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் "லிங்கன் கட்சி" என்றே குத்திக்கொண்டிருந்தார்கள். கட்சிக்காரர்களும் நிம்மதியாக இருந்தார்கள். கேட்காமலே வருகிற ஓட்டுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

பிழைப்புத் தேடி லட்சக்கணக்கில் வடக்கத்திய நகரங்களுக்குக் குடியேறிய பிறகுதான் நிலைமை மாறியது. அங்கே அவர்களின் ஓட்டு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிற ஓட்டானது. 1932ல் ரூஸ்வெல்ட் வந்தார். அவருடைய நிவாரணத் திட்டங்களைப் பார்த்து 1936ல் பெரும்பான்மைக் கருப்பினத்தவர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார்கள். 1948ல் ட்ரூமன் ராணுவத்தில் நிற வேற்றுமையை ஒழிக்க ஆணையிட்டார். அதே ஆண்டு, அவருடைய சிவில் உரிமைக் கொள்கையைக் கண்டு "இதென்ன அநியாயம்!" என்று கோபித்துக்கொண்டு அவருடைய கட்சியின் தெற்கத்தியத் தலைவர் ஸ்ட்ராம் தர்மண்ட் தனியாகவே தேர்தலில் நின்றார். 1964ல் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து ஓட்டளித்த கோல்ட்வாட்டர்தான் அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர்! நாடு முழுவதும் தோற்ற அவர், சொந்த மாநிலமான அரிசோனாவையும் தென்கோடி மாநிலங்கள் ஐந்தையும் மட்டும் பிடித்தார். தர்மண்டும் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். மனிதர் மாறவில்லை, கொள்கையும் மாறவில்லை. கடை மட்டும் மாறியது.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். "லிங்கனுக்கு நன்றிக்கடன்" என்று கருப்பின மக்கள் 1936லும் அசையாமல் இருந்திருந்தால்? ஒரு கட்சி அவர்களைச் சட்டைப்பையில் வைத்திருக்கும், மற்றொன்று கைகழுவியிருக்கும். 1964 சட்டத்துக்காகக் கவலைப்பட இரண்டு கட்சிகளிலும் யாருக்கு என்ன அவசியம்?

உதயசூரியன் புறப்பட்ட ஊர்

இனி நம் மண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் நூறு ஆண்டுகள் எடுத்த காரியத்தை விழுப்புரமும் திண்டிவனமும் சில வருடங்களில் முடித்துக் காட்டியிருக்கின்றன!

அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் அல்ல, தென்னாற்காட்டில் இருந்தது. (தனி மாவட்டமானது 1993ல்.) அங்கே எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வடக்கே மாணிக்கவேல் நாயக்கர் காமன்வீல் கட்சியை நடத்தினார். வன்னிய மக்களுக்குக் காங்கிரஸ் எதுவும் செய்யவில்லை என்பதே இரண்டின் முழக்கமும். 1952 முதல் பொதுத் தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை, திராவிட நாடு கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களை ஆதரித்தது. அந்த ஆதரவும் சேர, உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், காமன்வீலுக்கு 6 இடங்கள்.

375 பேர் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்ததோ 152. அறுதிப் பெரும்பான்மை இல்லை. ராஜாஜியைக் கொண்டுவந்து முதலமைச்சராக்கினார்கள். காங்கிரசை எதிர்த்து வென்ற மாணிக்கவேல் நாயக்கர் அந்த அமைச்சரவையிலேயே மந்திரியானார். உழைப்பாளர் கட்சியினரும் கை கொடுத்தார்கள். மலபாரிலிருந்து வந்த முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் 5 பேரும் ராஜாஜியை ஆதரித்தே வாக்களித்தார்கள். அடுத்தவரைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. அந்த ஆட்சி 1953ல் என்ன கொண்டுவந்தது? பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டம். நாடு அதைக் குலக்கல்வி என்று அழைத்தது. உழைப்பாளர் கட்சிக்கு ஓட்டுப் போட்ட உழவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் தள்ளப்பட்டான் என்பதை நான் சொல்ல வேண்டுமா?

எதிர்ப்பு கிளம்பியது, ராஜாஜி விலகினார். 1954ல் காமராஜர் அமைச்சரவையில் படையாட்சியாரும் மந்திரி! காங்கிரசை எதிர்க்கப் பிறந்த கட்சி காங்கிரசுக்குள் கரைந்தது.

எல்லோரும் கரையவில்லை. அதே கட்சியைச் சேர்ந்த ஏ. கோவிந்தசாமி மறுத்து நின்றார், பின்னர் தி.மு.க.வில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் சின்னமாக இருந்த உதயசூரியனைத் தி.மு.க.வுக்குத் தந்தவர் அவரே என்று அந்தக் கட்சியே பெருமையோடு சொல்கிறது. 1967ல் அண்ணா அமைச்சரவையில் அவர் வேளாண்மை அமைச்சர். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவருக்கு நினைவரங்கத்தை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார்.

கவனியுங்கள் தம்பிமார்களே! தமிழ்நாடே அறிந்த உதயசூரியன் இந்த மண்ணில் வேறொரு கட்சியின் பலகையாக இருந்தது. சின்னத்தைப் பார்த்துப் பரம்பரை பேசுகிறவர்கள், எந்தப் பரம்பரையைப் பேசுகிறார்கள்?

திண்டிவனம் தொகுதி: ஒரு பேரேடு

வியாபாரிகளுக்குப் பேரேடு படிக்கத் தெரியும். திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதியின் பேரேட்டைப் புரட்டுவோம்.

1967ல் தி.மு.க. வென்றது. அந்தத் தேர்தலில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீகும், ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் தி.மு.க. அணியில் இருந்தன. ஆம், அதே ராஜாஜி! 1937ல் ஆட்சிக்கு வந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், முப்பது ஆண்டு கழித்து இந்தியை எதிர்த்த கட்சிக்கு ஓட்டுக் கேட்டார்.

1971ல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் தோழமை. திண்டிவனம் காங்கிரசுக்குப் போனது. நான்கு வருடம் முன்பு காங்கிரசைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறிய தொண்டன் அதே வீடுகளில் காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்டான். 1977ல் மறுபடியும் காங்கிரஸ் வென்றது. இம்முறை தோள் கொடுத்தது அ.தி.மு.க.! 1976ல் தன் ஆட்சியைக் கலைத்து, மிசாவில் தன் தலைவர்களைச் சிறையில் அடைத்த இந்திரா காந்தியோடு 1980ல் தி.மு.க. மீண்டும் கைகோத்தது. அந்தத் தேர்தலில் திண்டிவனத்தில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் யார் தெரியுமா? உழைப்பாளர் கட்சியைத் தொடங்கிய ராமசாமி படையாட்சியார்தான். 1984ல் அவரே மறுபடி வென்றார். இப்போது கூட்டாளி அ.தி.மு.க. வேட்பாளர் அவரே, கட்சி அதுவே. தூக்கிச் சுமந்த தோள்கள் மட்டும் எதிரெதிர்.

1998ல் ம.தி.மு.க.வின் செஞ்சி ராமச்சந்திரன் அ.தி.மு.க., பா.ஜ.க. அணியில் நின்று தி.மு.க. அணியைத் தோற்கடித்தார். 1999ல் அவரே, அதே தொகுதியில், தி.மு.க., பா.ஜ.க. அணியில் நின்று அ.தி.மு.க. அணியைத் தோற்கடித்தார். இடையில் இரண்டு வருடம்கூட இல்லை! வாஜ்பாய் அரசில் மத்திய இணை அமைச்சரும் ஆனார். பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டு ஏழு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. மதவாதத்தை மேடைக்கு மேடை எதிர்த்த தி.மு.க. 2003 டிசம்பர் வரை அந்த ஆட்சியில் இருந்தது. அ.தி.மு.க. மட்டும் யோக்கியமா? பா.ஜ.க.வுக்குத் தமிழகக் கதவை 1998ல் திறந்துவிட்டதே அவர்கள்தானே!

2002 மார்ச் மாதம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா சட்டம் நிறைவேறியது. 425 பேர் ஆதரவு, 296 பேர் எதிர்ப்பு. அதை ஆதரித்தவர்களில் ம.தி.மு.க.வும் உண்டு. அந்த மை காயுமுன், ஜூலை மாதம், அதே பொடாவில் வைகோவை ஜெயலலிதா அரசு கைது செய்தது. அந்தச் சட்டம் நம் பிள்ளைகளைக் குறி வைத்தது என்று நாம் கத்தியபோது கேட்காத காதுகளுக்கு அன்று கேட்டது.

2004ல் தி.மு.க., காங்கிரஸ் அணியில் பா.ம.க. திண்டிவனத்தில் வென்றது. அதன் பிறகு அந்தத் தொகுதியே இல்லை. மறுசீரமைப்பில் 2009 முதல் விழுப்புரம் தனித் தொகுதி வந்துவிட்டது. பேரேடு மூடப்பட்டது. இத்தனை புரட்டலிலும் "நான் பரம்பரை" என்று சொல்லி நின்றவர் வாக்காளர் ஒருவர்தான்!

திட்டுவது எளிது

பா.ம.க.வைக் கேலி செய்வது எல்லோருக்கும் பொழுதுபோக்கு. 1998ல் அ.தி.மு.க.வோடு, 1999ல் தி.மு.க.வோடு, 2001ல் அ.தி.மு.க.வோடு, 2004ல் தி.மு.க.வோடு, 2009ல் அ.தி.மு.க.வோடு, 2011ல் தி.மு.க.வோடு, 2014ல் பா.ஜ.க.வோடு. திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள தைலாபுரம் தோட்டத்துக்கு வழி தெரியாத பெரிய கட்சி தமிழகத்தில் இல்லை.

ஆனால் கேலியை நிறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார சாலை மறியலில் 21 உயிர்கள் போயின. 1989ல் கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் ஒதுக்கியது. 2021 பிப்ரவரி 26ம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தது, மறுநாளே பா.ம.க.வோடு தொகுதி உடன்பாடு கையெழுத்தானது! அந்தச் சட்டம் உயர்நீதிமன்றத்திலும், 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றத்திலும் நிற்கவில்லை என்பது வேறு கதை. அவர்கள் அணி மாறியதை நான் மெச்சவில்லை. அதிலும் பா.ஜ.க.வோடு போனதை எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது. ஆனால் கையை நீட்டும்போது கையில் என்ன விழும் என்று கேட்டுவிட்டே நீட்டினார்கள். நாம் கேட்டோமா?

கேட்ட ஒரு தடவை கிடைத்தது. 2006ல் தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை, 96 இடங்கள்தான். தேர்தலுக்கு முன்பே சமுதாய அமைப்புகள் இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை முன்வைத்தன. 2007ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறார்கள். பலவீனமான அரசு சட்டம் கொடுக்கிறது. பலமான அரசு வாழ்த்துச் செய்தி கொடுக்கிறது.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? 2002ல் ஜெயலலிதா அரசு மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சிறுபான்மை மக்கள் மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அசையவில்லை. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் அந்த அணி தோற்றது. சில நாட்களிலேயே அதே முதலமைச்சர் அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்! அதே கட்சி, அதே தலைவி, அதே கோட்டை. எந்த மாநாட்டில் கொள்கை மாறியது? ஓட்டுப்பெட்டியில் மாறியது.

20 ஓட்டு

இப்போது ஒரு கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 11. மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்தச் சட்டம். ஆதரவு 125, எதிர்ப்பு 105. வித்தியாசம் 20 ஓட்டு. அ.தி.மு.க.வுக்கு அங்கே 11 பேர், பா.ம.க.வுக்கு ஒருவர், டாக்டர் அன்புமணி. இரண்டு கட்சிகளும் ஆதரித்தன. அந்த 12 ஓட்டை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வையுங்கள். ஆதரவு 113, எதிர்ப்பு 117. சட்டம் தோற்றிருக்கும்! டெல்லியில் அல்ல, தமிழ்நாட்டில் தீர்மானமான விஷயம் அது. விழுப்புரம் மாவட்டத்தில் மேடை போட்டு நம்மிடம் ஓட்டுக் கேட்கும் கட்சிகளின் கையில் இருந்தது அது.

அதே அ.தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. பா.ஜ.க.வோடு கூட்டணியில் இருந்துகொண்டே! 2025 மார்ச்சில் வக்பு திருத்த மசோதாவுக்கு எதிரான சட்டமன்றத் தீர்மானத்தை ஆதரித்தது. ஏப்ரல் 11ம் தேதி பா.ஜ.க.வோடு கூட்டணியை அறிவித்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டு சரக்கு, ஒரே பலகை.

"அப்படியானால் எதிர் அணிக்குக் கண்ணை மூடிக் குத்திவிடலாமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து. அமெரிக்க முஸ்லிம்கள் 2000ம் ஆண்டில் ஜார்ஜ் புஷ்ஷை ஆதரித்தார்கள். காட்டாத சாட்சியத்தை வைத்து ஆட்களைச் சிறை வைப்பதை எதிர்த்து அவர் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு வாக்கியம் பேசினார், அதற்காக. 2001ல் வந்தது பேட்ரியாட் சட்டம். கண்காணிப்பும் கைதும் அவர்கள் வாசலுக்கே வந்தன. 2004ல் எதிர்க்கட்சிக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு அந்த எதிர்க்கட்சியும் "இவர்கள் எங்கே போவார்கள்?" என்று அசட்டையாக இருந்தது. காஸாவில் குண்டு விழுந்தபோது 2024ல் மிச்சிகனின் டியர்பார்ன் நகரம் பதில் சொன்னது: அரபு மக்கள் நிறைந்த அந்த ஊரில் ட்ரம்ப் முதலிடம் வந்தார். முஸ்லிம் நாடுகளின் மக்களுக்கு 2017ல் கதவடைத்த அதே ட்ரம்ப்! கோபம் புரிகிறது. ஆனால் எழுதி வாங்காத ஓட்டு, போகும் கடை எதுவானாலும் கடன் கணக்கில்தான் போகிறது.

ஆகவே, விழுப்புரம், திண்டிவனம் ஜமாஅத் நிர்வாகிகளே! வியாபாரிகள் சங்கத்தில் இருக்கும் நம் சகோதரர்களே! அடுத்த முறை வேட்பாளர் சால்வையோடு வரும்போது, நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். பாட்டனார் கதையை அவரும் பேச வேண்டாம், நாமும் பேச வேண்டாம். ஒரு தாளை நீட்டுங்கள். அதில் 2002 பொடா, 2019 குடியுரிமைச் சட்டம், 2025 வக்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். உங்கள் கட்சி அன்று என்ன செய்தது, ஏன்? 3.5 சதவீதத்தை உயர்த்த நீங்கள் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா, எத்தனை மாதத்தில்? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள வக்பு சொத்துக்களில் ஆக்கிரமிப்பு எத்தனை என்ற பட்டியலை வெளியிட வைப்பீர்களா? பதிலை அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் அதே தாள்தான். எழுதாதவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய தாள்களைப் பிரதி எடுத்து, தேர்தலுக்கு முந்தைய ஜும்ஆவுக்கு முன்பாகக் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது இளைஞர்களின் வேலை. இன்றே பத்துப் பேர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.